அடிக்கும் கணவனை விட்டு அவள் ஏன் வெளியே வருவதில்லை?

கலிபோர்னியாவின் பாதாம் பருப்பு நம் வீட்டு சமையலறை வரை வருகிறது. அதே மாநிலத்தில் ஸ்ட்ராபெர்ரியும் திராட்சையும் பறிப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து பிழைக்கப் போனவர்கள். அவர்களில் கணவனிடம் அடிபடும் பெண்களும் உண்டு.

"விட்டு வந்துவிட வேண்டியதுதானே?" என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். எங்கே போவாள்? குடியிருக்கும் வீடு பல இடங்களில் தோட்ட முதலாளி கொடுத்தது. அறுவடை முடிந்தால் அடுத்த ஊர். அக்கம்பக்கம் பழகுவதற்குள் மூட்டை கட்ட வேண்டும். ஒஹாக்கா பகுதியிலிருந்து வந்த பலருக்கு மிஸ்தெக்கோ போன்ற பழங்குடி மொழிதான் தாய்மொழி. ஆங்கிலம் இருக்கட்டும், ஸ்பானிஷ்கூட சரியாக வராது. போலீஸ் வந்தால் பேசுவது யார்? அடித்தவனே மொழிபெயர்ப்பாளன் ஆகிவிடும் கொடுமையும் நடக்கிறது. இதற்கெல்லாம் மேலே ஒரு மிரட்டல்: "புகார் கொடுத்தால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்."

இந்த மிரட்டலை உடைக்கத்தான் சட்டம் வந்தது. 1994-ல் இயற்றப்பட்ட பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, கணவன் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவனாகவோ இருந்தால், அவனுக்குத் தெரியாமலே மனைவி தனக்காக விண்ணப்பிக்கலாம். ஒரு மாநில நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவு மற்ற மாநிலங்களிலும் செல்லும். ஊர் ஊராகப் போகிறவளுக்கு இது பெரிய விஷயம். கணவனுக்கே ஆவணம் இல்லையென்றால்? அதற்கு 2000-ல் யு விசா வந்தது. குற்ற விசாரணைக்கு அவள் உதவினாள் என்று காவல்துறை போன்ற ஓர் அமைப்பு சான்று தர வேண்டும். ஆனால் ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் கிடைக்கும். வரிசை பல ஆண்டு நீளம்.

சட்டம் இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டுமே! வயலுக்கு வக்கீல் வருவதில்லை. இந்த இடத்தில்தான் 1992-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'லீடரெஸ் கம்பெசினாஸ்' நம் கவனத்துக்குரியது. இதை நடத்துபவர்கள் விவசாயக் கூலிப் பெண்களே. ஒருத்தி வீட்டில் நாலு பேர் கூடுகிறார்கள், சின்ன நாடகம் போடுகிறார்கள், பேச்சு தானாக வருகிறது. வெளியிலிருந்து வந்த அதிகாரியிடம் சொல்லாததை, பக்கத்து வரிசையில் பழம் பறிப்பவளிடம் சொல்லிவிடுகிறாள்.

வளைகுடாவில் கணவனின் விசாவில் இருக்கும் நம் சகோதரிகளை நினைத்தால், இது அந்நியக் கதையாகத் தோன்றவில்லை. அங்கே சட்டங்கள் வேறு. ஆனால் ஒன்று எங்கும் பொருந்தும்: பாஸ்போர்ட், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்கள் அவள் நம்பும் ஒருவரிடம் இருக்க வேண்டும். மகளை விமானம் ஏற்றும் முன்பே ஒரு செட் நகலை உம்மா வாங்கி வைத்துக்கொள்ளலாம்.