ஆய்வகத்தைக் கண்காணிப்பது யார்?

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் இறுதியில் தெரியவந்தது. வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் பாதிக்கப்பட்ட மக்களும் அழைக்கப்பட்டனர். "தண்ணீரைக் குடித்த எங்களிடமே ரத்தம் கேட்பதா?" என்று சிலர் மறுத்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆனால், டி.என்.ஏ. சோதனை குற்றவாளியைக் காட்டவில்லை.

2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. கைப்பேசிப் பதிவுகள் உள்ளிட்ட அறிவியல் சான்றுகள் இருப்பதாக அரசுத் தரப்பு கூறியது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களும் பட்டியலினத்தவர் என்பதால் வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து வேறு நீதிமன்றத்துக்குப் போனது. உண்மை எதுவென்று நீதிமன்றம் சொல்லட்டும். நம் கேள்வி வேறு: ஒரு சேரியின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய ஆய்வகச் சான்றை யார் சரிபார்க்கிறார்கள்?

தமிழ்நாட்டின் தடய அறிவியல் துறை காவல்துறைத் தலைவரின் கீழ் இல்லை. உள்துறையின் கீழ் தனித் துறையாக இயங்குகிறது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் காவல்துறையும் அதே உள்துறையின் கீழ்தான் இருக்கிறது. மாதிரியை எடுப்பதும், முத்திரையிடுவதும், அனுப்பிவைப்பதும் பெரும்பாலும் விசாரணை அதிகாரியின் பொறுப்பு. ஆய்வகங்களின் தரத்தைக் கண்காணிக்க, சட்ட அதிகாரம் கொண்ட சுதந்திரமான ஆணையம் நம் நாட்டில் இல்லை. டி.என்.ஏ. ஆய்வகங்களுக்கு ஒழுங்குமுறை வாரியம் அமைக்க முன்வந்த 2019 மசோதாவும் 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. இங்கிலாந்தில் தடய அறிவியல் ஒழுங்காளருக்கு 2021-இல் சட்ட அதிகாரமே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. 329-ஆம் பிரிவின்படி, அரசு நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைத்து விசாரிக்கலாம். கேட்க ஆளில்லாத ஏழையின் வழக்கில் அந்த அறிக்கை அப்படியே நின்றுவிடும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவை மாணவர்களும் இளைஞர்களும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆவணங்களையும் பொருட்களையும் வரவழைக்கும்படியும், சாட்சிகளை அழைக்கும்படியும் பாதிக்கப்பட்டவரே சிறப்பு நீதிமன்றத்தில் மனுச் செய்ய அது உரிமை தருகிறது. மாதிரி எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, எந்தத் தேதியில் ஆய்வகம் சேர்ந்தது, முத்திரை உடையாமல் இருந்ததா என்று கேளுங்கள். நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும்படி வழக்கறிஞரிடம் வற்புறுத்துங்கள்.

அரசிடம் நாம் கேட்பது இதுதான்: உள்துறைக்கு வெளியே, சட்ட அதிகாரத்தோடு ஒரு கண்காணிப்பு ஆணையம் வேண்டும். அதில் பட்டியலின, பழங்குடி மக்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். எத்தனை மாதிரிகள் எவ்வளவு காலமாகத் தேங்கிக் கிடக்கின்றன என்பதை ஆண்டுதோறும் அது வெளியிட வேண்டும். அறிவியலுக்குச் சாதி கிடையாது. மாதிரியை எடுத்து, கட்டி, அனுப்பும் கைகளைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் கண்காணிப்பு வேண்டும் என்கிறோம்.