பாதை மூடினால் எங்கே திரும்புவது? கலகெதரவில் கற்ற பாடம்

கண்டி வைத்தியசாலையில் அம்மாவுக்குக் காலை எட்டு மணிக்குக் கிளினிக். முதல்நாள் இரவே கிளிநொச்சியிலிருந்து வானில் புறப்பட்டோம். ஏ-9 வீதியால் தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்பதுதான் திட்டம். டித்வா புயல் அடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. மழை மறுபடி தொடங்கியிருந்தது. தம்புள்ளையில் தேநீர் குடிக்க இறங்கியபோது, மாத்தளைப் பக்கம் மண் சரிந்து வாகனங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ஒரு லொறிக்காரர் சொன்னார்.

'ஏ-9 பூட்டியாச்சு' என்ற சொல்லை எங்கள் ஆட்கள் சாதாரணமாகக் கேட்பதில்லை. 2002 ஏப்ரலில் திறந்து 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட வீதி அது. அதற்கு முன்பு 1990களில் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தவர் அம்மா. பாதை மூடினால் எப்படியாவது ஒரு வழி பிடித்துப் போய்விட வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் பழகிய புத்தி. மலைநாட்டில் அந்தப் புத்தி ஆபத்தானது.

வடக்கிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் முடிவெடுக்க வேண்டிய இடம் தம்புள்ளை. அங்கிருந்து ஏ-6 வீதியால் குருநாகலுக்கு இறங்கி, ஏ-10 வீதியால் மாவத்தகம, கலகெதர, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு ஏறலாம். தூரம் கூடும். ஆனால் குருநாகல் வரை பெரிய மலை ஏற்றம் இல்லை. நாங்களும் அப்படியே திரும்பினோம்.

பிழை விட்டது அதற்குப் பிறகுதான். குருநாகலில் மழை கொட்டியது. அங்கேயே நின்றிருக்க வேண்டும். கிளினிக்கை நினைத்து மேலே ஏறினோம். கலகெதரவில் வீதியோரத் தேநீர்க் கடைக்காரர் எங்களை மறித்தார். "மேல இருந்து வாற தண்ணி கலங்கி வருது. இப்ப போகாதீங்க," என்றார்.

அவர் சொன்னது சரியான அறிகுறி. சரிவில் புதிய வெடிப்பு, மரமோ மின்கம்பமோ சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியன மண் நகரத் தொடங்கியதைக் காட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே முதல் நிலை வந்துவிடும். மழை விட்ட பின்பும் ஊறிய மண் சரியலாம். ஆகவே வானம் வெளித்ததை மட்டும் பார்த்துப் புறப்படக் கூடாது.

பெரிய வீதி என்பதும் பாதுகாப்பு அல்ல. 2025 நவம்பர் 22 அன்று கொழும்பு - கண்டி வீதியில் பஹல கடுகண்ணாவையில் சரிந்த மண்ணும் பாறையும் 6 பேரைப் பலிகொண்டன. அடுத்த வாரமே டித்வா வந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தனர். கண்டி மாவட்டமே அதிக உயிர்களை இழந்தது.

கடையில் மூன்று மணி நேரம் இருந்தோம். கிளினிக் தவறியது. வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னதும் வேறு திகதி தந்தார்கள். இதை தம்புள்ளையிலிருந்தே கேட்டிருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மலைநாட்டுக்குப் புறப்படும்முன் அன்றைய எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைக் கைவசம் வைத்திருங்கள். மருந்தும் உணவும் ஒரு நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். காத்திருப்பதென்றால் அடிவாரத்தில், சமதரையில் காத்திருங்கள்.

நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டாவது தேநீரைக் குடித்தபடி சொன்னார்: "கிளாலியில நிக்க ஏலாது, அதால போனம். இங்க நிக்கலாம் தானே. பிறகேன் அவசரப்படுறாய்?"