நாலு பேரோடு போன ஹெலிகாப்டர்: படைவீரர்கள் கேட்ட கேள்வி

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றினால் பல மைல் தூரத்துக்குத் தெரியும். மலை உச்சியில் பெரிய செப்புக் கொப்பரை. அதில் நெய்யும் திரியும். சுற்று வட்டார ஊர்களில் ஜனங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். வழி கேட்க வேண்டியது இல்லை. இருட்டில் நெருப்பு எரிந்தால், கண் தானாக அங்கே போய்விடும்.

யுத்த களத்தில் இதே குணம் உள்ள ஆயுதம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்டிங்கர். அமெரிக்காவில் செய்யப்பட்ட ஏவுகணை. ஒரே ஆள் தோளில் வைத்துச் சுடலாம். எடை சுமார் 15 கிலோ. ஓர் அரிசிச் சிப்பத்தைவிடக் கனம் குறைவு.

இந்த ஏவுகணையின் மூக்கில் ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு வேண்டியது சூடு. விமானமோ ஹெலிகாப்டரோ பறக்கும்போது என்ஜின் கொதிக்கும் அல்லவா? அந்தக் கொதிப்பைக் கண்டு, விளக்கைத் தேடிப் போகும் விட்டில் பூச்சியைப் போல, ஏவுகணை பின்னாலேயே ஓடும். விமானி திரும்பினால் அதுவும் திரும்பும்.

தப்ப வழி இல்லையா? உண்டு. "பிளேர்" என்று தீப்பந்துகள் இருக்கின்றன. ஆபத்து என்று தெரிந்தால் ஹெலிகாப்டரில் இருந்து இவற்றை வரிசையாக வெளியே விடுவார்கள். என்ஜினைவிட அதிகச் சூட்டோடு அவை எரியும். ஏவுகணை ஏமாந்து தீப்பந்தின் பின்னால் போய்விடும். பொய் விளக்கு என்று வைத்துக் கொள்ளலாம்.

1999-ம் ஆண்டு மே 28-ந் தேதி, கார்கில் யுத்தத்தில், இந்தப் பொய் விளக்கு இல்லாமல் ஓர் ஹெலிகாப்டர் போர்முனைக்குப் போனது. அதில் இருந்த நாலு பேரும் திரும்பவில்லை.

ஏன் இல்லாமல் போனது? படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் யுத்த வரலாறு எழுதியவர்களும் இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

நாலு பேர் யார்?

ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர். பிளைட் லெப்டினென்ட் எஸ். முகிலன். சார்ஜண்ட் பி.வி.என்.ஆர். பிரசாத். சார்ஜண்ட் ஆர்.கே. சாகு.

புண்டீரும் முகிலனும் விமானிகள். முகிலன் என்பது நல்ல தமிழ்ப் பெயர். முகில் என்றால் மேகம். மற்ற இருவரும் அவர்களோடு பறந்த சிப்பந்திகள்.

அவர்கள் ஓட்டிச் சென்றது ரஷ்ய நாட்டு எம்.ஐ.-17 ரக ஹெலிகாப்டர். இது சண்டைக்கென்று பிறந்தது அல்ல. சிப்பாய்களை ஏற்றிச் செல்லும். அரிசி, பருப்பு, மருந்து கொண்டு போகும். வெள்ளம் வந்தால் மொட்டை மாடியில் தவிக்கும் ஜனங்களைக் கயிறு போட்டுத் தூக்கும். அப்படிப்பட்ட சுமை வண்டியின் இரு பக்கமும் ராக்கெட் கூடுகளை மாட்டிச் சண்டைக்கு அனுப்பினார்கள்.

காரணம் மலையின் உயரம். நம்மிடம் தாக்குதலுக்கென்றே செய்த ஹெலிகாப்டர்கள் இருந்தன. ஆனால் அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்து போகும். அவற்றால் அங்கே வேலை செய்ய முடியாது. டிராஸ் பக்கத்தில் டோலோலிங் மலைத் தொடர் இருக்கிறது. அங்கே ஒரு சிகரத்தின் உயரம் 5,140 மீட்டர். அதாவது 16,860 அடிக்கும் மேல். திருவண்ணாமலை மலையின் உயரம் 2,668 அடி. ஆறு அண்ணாமலையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உச்சி எட்டாது!

அந்த உச்சிகளில்தான் பாகிஸ்தான் படையினர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஸ்ரீநகரில் இருந்து லே போகும் சாலை. மேலே இருந்து சாலையைக் குறி பார்த்துச் சுட்டார்கள்.

மூன்று நாள்

மே 26-ந் தேதி விமானப்படை தாக்குதலைத் தொடங்கியது. மறுநாளே துயரச் செய்தி. பிளைட் லெப்டினென்ட் நச்சிகேதாவின் விமானத்தில் என்ஜின் அணைந்தது. அவர் பாராசூட்டில் குதித்து எதிரியிடம் சிறைப்பட்டார். அவர் எங்கே விழுந்தார் என்று தேடிப் போனவர் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகுஜா. அவருடைய விமானத்தை ஏவுகணை தாக்கியது. அவர் உயிர் இழந்தார்.

ஆகவே, மலையில் சூட்டைத் தேடும் ஏவுகணை இருக்கிறது என்பது 27-ந் தேதியே தெரிந்துவிட்டது. இதை மனதில் வைத்துக் கொண்டு அடுத்த நாள் கதையைப் படிக்க வேண்டும்.

28-ந் தேதி எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் அணியாகக் கிளம்பின. அணிக்குப் பெயர் "நுப்ரா". அது லடாக்கில் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர். புண்டீரும் முகிலனும் ஓட்டியது "நுப்ரா 3". டோலோலிங் மலையில் எதிரி இருந்த இடத்தின்மீது ராக்கெட்டுகளைப் பொழிந்தார்கள். கொடுத்த வேலை முடிந்தது. திரும்பும் நேரத்தில் ஸ்டிங்கர் தாக்கியது. தீப்பந்து விடும் கருவி அந்த ஹெலிகாப்டரில் இல்லை.

நாலு பேருக்கும் மரணத்துக்குப் பின் வாயு சேனா பதக்கம் வழங்கப்பட்டது.

அன்றோடு ஹெலிகாப்டர்களை ராக்கெட் தாக்குதலுக்கு அனுப்புவது நின்றது. காயம் பட்டவர்களைத் தூக்கி வருவதும் சாமான் கொண்டு போவதுமாக, தங்கள் பழைய வேலைக்கே அவை திரும்பின. தாக்குதலை ஜெட் விமானங்கள் ஏற்றன. ஏவுகணைக்கு எட்டாத உயரத்தில் பறந்து குண்டு போட்டன. ஜூன் 24-ந் தேதி மிராஜ் விமானங்கள் லேசர் ஒளியால் குறி பார்த்து டைகர் மலைமீது குண்டு வீசின. மே 28-க்குப் பிறகு அந்த யுத்தத்தில் எதிரி சுட்டு நம் விமானம் ஒன்றுகூட விழவில்லை. முறையை மாற்றியதும் இழப்பு நின்றது. நாலு உயிர் போவதற்கு முன்பே மாற்றியிருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

யார் சொன்னார்கள்?

யுத்தம் ஜூலை 26-ல் முடிந்தது. 3 நாள் கழித்து சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. தலைவர் கே. சுப்பிரமணியம். திருச்சியில் பிறந்தவர், தமிழ்நாட்டில் அரசு அதிகாரியாக இருந்தவர், ராணுவ விஷயங்களில் பெரிய நிபுணர். கமிட்டியின் அறிக்கை 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. எதிரி நம் மலையில் ஏறியது ஏன் முன்கூட்டியே தெரியவில்லை என்பதுதான் அதன் முக்கிய விசாரணை. நாட்டின் பாதுகாப்பைக் கருதிச் சில பகுதிகளை வெளியிடாமல் நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு படைத் தலைவர்களே வாய் திறந்தார்கள். கார்கில் காலத்தில் தரைப்படைத் தளபதியாக இருந்தவர் ஜெனரல் மாலிக். விமானப்படைத் தளபதியாக இருந்தவர் டிப்னிஸ். 2006-ல் மாலிக் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதே ஆண்டில் டிப்னிஸ் ஒரு ராணுவப் பத்திரிகையில் தம் தரப்பை எழுதினார். தரைப்படை முதலில் ஹெலிகாப்டர் உதவி கேட்டது. அந்த உயரத்தில் ஹெலிகாப்டர் எளிதாக அடிபடும் என்றது விமானப்படை. விமானப்படை தாமதித்தது என்பது ஒரு தரப்பின் மனக்குறை. மேலிடத்து அனுமதி இல்லாமல் இறங்க முடியாது என்பது மறு தரப்பின் வாதம். பிரதமர் வாஜ்பாயி மே 25-ல் அனுமதி தந்தார். எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை.

2012-ல் லாம்பெத் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கார்கில் விமானப் போரைப் பற்றித் தனி நூலே எழுதினார். வீழ்ந்த ஹெலிகாப்டரில் தீப்பந்துக் கருவி இல்லாததையும் அதில் குறித்தார்.

இப்படித் துண்டு துண்டாகத்தான் விவரம் வெளியே வந்தது. வேலூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்த பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டைக்கு "ராணுவப்பேட்டை" என்றே பெயர். அத்தகைய வீட்டில் இருப்பவர் எல்லாம் இங்கிலீஷ் புத்தகத்தைத் தேடிப் படித்துக் கொண்டிருக்க முடியுமா? பிள்ளை எப்படி இறந்தான் என்று வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டியது அனுப்பியவர்களின் கடமை.

மறுபடியும் ஒரு கருவி

20 ஆண்டு கழித்து, 2019 பிப்ரவரி 27-ந் தேதி. பாலகோட் தாக்குதலுக்கு மறுநாள். காஷ்மீர் எல்லையில் பாகிஸ்தான் விமானங்களோடு வான் சண்டை நடந்து கொண்டிருந்தது. அதே சமயம் ஸ்ரீநகர் அருகே, பட்காம் பகுதியில், எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று எரிந்து விழுந்தது.

விமானப்படையினர் ஆறு பேர் மாண்டனர். சித்தார்த் வசிஷ்ட், நினாத் மந்தவ்கனே, குமார் பாண்டே, விக்ராந்த் செராவத், தீபக் பாண்டே, பங்கஜ் குமார். தரையில் நின்ற கிராமத்து இளைஞர் ஒருவரும் பலியானார். வசிஷ்ட் 2018-ல் கேரள வெள்ளத்தில் ஜனங்களை மீட்டுப் பாராட்டுப் பெற்றவர்.

முதலில் விபத்து என்றுதான் பேச்சு. விசாரணையில் உண்மை வெளிவந்தது. சுட்டது எதிரி அல்ல. ஸ்ரீநகர் விமான தளத்தில் இருந்த நம் ஏவுகணையே!

இங்கும் ஒரு கருவிதான் விவகாரம். "நான் உங்கள் ஆள்" என்று தரையில் உள்ள ரேடாருக்குத் தானாகவே பதில் சொல்லும் அடையாளக் கருவி ஒன்று ஹெலிகாப்டரில் உண்டு. அன்று அது அணைக்கப்பட்டிருந்தது. தரையில் இருந்தவர்களுக்கும் ஹெலிகாப்டருக்கும் இடையே தகவல் போக்குவரத்திலும் குளறுபடி. எதிரி விமானம் வருகிறது என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்த முறை பதிலுக்குக் குடும்பங்கள் பத்து ஆண்டு காத்திருக்கவில்லை. 2019 அக்டோபர் 4-ந் தேதி, புதிதாகப் பதவி ஏற்ற விமானப்படைத் தளபதி பதௌரியா நிருபர்களைச் சந்தித்தார். நம் ஏவுகணைதான் தாக்கியது, பெரிய தவறு நடந்துவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சீருடை அணிந்த ஒரு தளபதி இப்படிச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். 2023-ல் ராணுவ நீதிமன்றம் ஓர் அதிகாரியைப் பதவியில் இருந்து நீக்கச் சிபாரிசு செய்தது. வழக்கு ஐகோர்ட்டு வரை போயிற்று.

அதே 2019-ல் கார்கில் நாலு பேருக்கு 20-ம் ஆண்டு நினைவு நாளும் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் சர்சாவா விமான தளம் இருக்கிறது. அவர்களுடைய படைப்பிரிவுக்கு அதுதான் வீடு. மே 28-ந் தேதி அங்கே எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் அணிவகுத்துப் பறந்தன. அப்போதைய விமானப்படைத் தளபதி தனோவாவும் அதில் பறந்தார். கார்கில் யுத்தத்தில் அவர் ஒரு போர் விமானப் படைப்பிரிவின் தலைவராக இருந்தவர். அணியின் நடுவே ஒரு ஹெலிகாப்டருக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். புண்டீர், முகிலன், பிரசாத், சாகு நால்வருக்கும் உரிய இடம் அது.