குடலில் தோன்றும் சிறு பைகள்



வயது ஏறும்போது பெருங்குடல் சுவரின் பலவீனமான இடங்கள் வெளியே பிதுங்கிச் சிறு பைகளாவதுண்டு. அநேகருக்கு இதனால் தொல்லையே இல்லை. ஒரு பை அழற்சியடைந்தால் அடிவயிற்றில் விடாத வலியும் காய்ச்சலும் வரும். சிலருக்கு வலியின்றியே இரத்தம் போகும்.

உகாண்டாவில் பணியாற்றிய விசுவாசியான அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், நார்ச்சத்துக் குறைந்த உணவே இதற்குக் காரணம் என்று 1971-ல் நீல் பெயின்டருடன் சேர்ந்து எழுதினார். வயது, பரம்பரை, பருமன், புகைப்பழக்கம் ஆகியவற்றின் பங்கும் இன்று தெரிந்திருக்கிறது. ஆயினும் கேழ்வரகு, கம்பு, கீரை, கொய்யா, போதிய தண்ணீர், தினமும் நடை என்னும் ஆலோசனை மாறவில்லை. கொய்யா விதைக்குப் பயப்பட வேண்டாம். வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவதே ஆபத்து.

முதியோர் பலர் "மூலந்தான்" என்று சொல்லி, வெட்கத்தால் மறைத்துக் காலம் தாழ்த்துகிறார்கள். பை வெடித்தால் உயிருக்கே மோசம். குடல் புற்றுநோயிலும் இரத்தம் போகலாம். ஆகவே உங்கள் சபையின் பெரியவர்களை அன்பாய் விசாரித்து, மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். ஸ்கேனுக்குப் பணமில்லாத ஏழைக்கு உங்கள் காணிக்கை கைகொடுக்கிறது. வார்டில் இருக்கும் நோயாளிகளுக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்