பேச வராத பிள்ளையும் வீட்டுப் பாஷையும்

பெங்களூர் சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து செயின்ட் மேரீஸ் பஸிலிக்கா வரையில் நடந்து செல்பவரின் காதில் தமிழும் தக்கினி உருதுவும் கன்னடமும் கலந்தே விழும். வீட்டில் தமிழ், தெருவில் உருது, கடையில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் இப்பேட்டைக் குழந்தையொன்றுக்கு இரண்டு வயது நிறைந்தும் பேச்சு வரவில்லையானால், "இத்தனை பாஷை காதில் விழுந்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?" என்று சுற்றத்தார் சொல்ல, அதை நம்பித் தாய்மொழியை நிறுத்திவிட்டு, தமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேச முற்படும் தாய்மார் உண்டு.

இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரம் இல்லை. பல பாஷைகளைக் கேட்டு வளர்வதனால் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை என்று பல தேசத்து ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. பொதுவாக ஒரு வயதை ஒட்டி முதற்சொல்லும், இரண்டு வயதில் "அம்மா வா" என்பது போல் இரு சொல் சேர்ந்த பேச்சும் வர வேண்டும். அப்படி வரவில்லையென்றால், பாஷையைக் குறை சொல்வதை விட்டு, முதலில் செவியைப் பரிசோதிக்க வேண்டும். "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று காத்திருப்பதில் நஷ்டமாவது, மூளை பாஷையை எளிதில் கிரகிக்கும் அருமையான ஆரம்ப வருஷங்களே.

பேச்சுப் பயிற்சி என்றதும், குழந்தையை எதிரே உட்காரவைத்து "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்துவதாகப் பலர் எண்ணுகின்றனர். தேர்ந்த பயிற்சியாளரோ பாயில் குழந்தையின் பார்வை மட்டத்துக்கு இறங்கி அமர்ந்து, அதன் கண் நாடும் பந்தைக் கையில் எடுத்து, அவசரப்படாமல் காத்திருப்பார். "ப" என்ற ஒலி வந்த மாத்திரத்தில், "பந்து வேணுமா? இந்தா, பந்து!" என்று நீட்டுவார். பிறகு தாயாரையே அவ்வாறு செய்யச் சொல்லி அருகிலிருந்து பார்ப்பார். வாரத்தில் ஓரிரு மணி நேரம் நடக்கும் பயிற்சி, குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் தொடர்ந்தாலன்றிப் பலிக்காது. அவ்வேளைகளில் தாயின் வாயில் இயல்பாக வருவது வீட்டுப் பாஷையே ஆகையால், அதைப் பறிப்பது சிகிச்சையின் வேரையே அறுப்பதாகும்.

குடும்பத்தைத் துணையாகக் கொள்ளும் இந்த முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1969இல் சென்னையில் தோன்றிய பால வித்யாலயா, செவித்திறன் குறைந்த மழலைகளோடு தாய்மாரையும் வகுப்பில் அமர்த்திப் பயிற்றி வருகிறது. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும், பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் உள்ள பேச்சு, செவித் துறையும் பேச்சுக் கோளாறுகளுக்கான சிகிச்சை அளிக்கின்றன. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசாங்கத் திட்டம் 2013இல் ஆரம்பமாயிற்று. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பேச்சு, மொழிக் குறைபாட்டைத் தனியே அங்கீகரித்திருக்கிறது.

ஆயினும் எந்தச் சட்டத்தாலும் தர இயலாத ஒன்று உண்டு. பிள்ளை பேசாததற்கு உற்றார் உறவினரால் பழிக்கப்பட்டு, தன்னையே நொந்துகொண்டு வரும் தாயிடம், "இது உங்கள் குற்றம் அன்று" என்று முதலில் சொல்லிவிட்டு, "வீட்டில் எந்தப் பாஷையில் கொஞ்சுவீர்கள், அம்மா?" என்று கேட்டு, அந்தப் பாஷையிலேயே பயிற்சியைத் தொடங்கும் காருண்யமே அது. பாஷை தெரியாத பயிற்சியாளரும் தாயாரைக் கொண்டு இதைச் செய்ய முடியும். செய்வதே அவருடைய தர்மமும் ஆகும்.