மாசம் 10,000 போட்டா 1 கோடி: இது பொய்யா, சுருக்கமா?

"மாசம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுங்க, 20 வருஷத்துல 1 கோடி ரெடி!" இதை நீங்க நிறைய தடவை கேட்டிருப்பீங்க. நானும் வீடியோவில் சொல்லியிருக்கேன்.

கணக்கு தப்பில்லை. வருஷத்துக்கு 12% வளர்ச்சின்னு கால்குலேட்டரில் போட்டா, நீங்க கட்டுற 24 லட்சம் சுமார் 1 கோடி ஆகும். ஆனா நான் சொல்லாம விட்டது மூணு விஷயம்.

ஒண்ணு, 12% என்பது வெறும் அனுமானம். 10% கிடைச்சா சுமார் 76 லட்சம். 8% கிடைச்சா 59 லட்சம்தான்.

ரெண்டு, சந்தை படிப்படியா ஏறாது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், அதே வருஷம் அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. "வருஷா வருஷம் 12%" என்று நம்பிப் போட்டவர், அந்த மாதிரி நேரத்துல பயந்துபோய் நஷ்டத்துக்கு வித்துடுவார்.

மூணு, விலைவாசி. அது வருஷத்துக்கு 6% ஏறினா, அந்த 1 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 31 லட்சம்.

அப்போ எல்லாத்தையும் சொல்லியே ஆகணுமா? வேண்டாம். ஃபண்டுகளின் வகை, செலவு விகிதம், வரி எல்லாத்தையும் ஒரே மூச்சில் சொன்னா, முதல் சம்பளம் வாங்குறவர் குழம்பிப்போய் பணத்தை சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே விட்டுடுவார். அதுவும் நஷ்டம்தான்.

அதனால நான் இப்போ ஒரே கேள்வி கேட்டுக்கிறேன்: "இது தெரிஞ்சா அவர் முடிவு மாறுமா?" மாறாதுன்னா விட்டுடலாம். என்.ஏ.வி.-யை எப்படிக் கணக்கிடுறாங்கன்னு அவருக்கு இன்னைக்கே தெரிய வேண்டியதில்லை. போட்ட பணம் பாதியாகலாம் என்பது கண்டிப்பா தெரியணும்.

இப்போ அந்த வரியை இப்படிச் சொல்றேன்: "20 வருஷத்துல 60 லட்சமும் ஆகலாம், 1 கோடியும் ஆகலாம், கேரண்டி கிடையாது. நடுவுல பாதியாவும் இறங்கலாம்." கேட்க கவர்ச்சியா இல்லைதான். ஆனா சந்தை விழும்போது, "இதை முன்னாடியே சொன்னாங்களே"ன்னு ஒருத்தர் பொறுமையா இருப்பார்.

இது வீடியோ போடுறவங்களுக்கு மட்டும் இல்லை. வீட்டுல அப்பா, "இதுல பணம் போயிடாதா?"ன்னு கேட்டா, "போகாதுப்பா"ன்னு சமாளிக்காதீங்க. "இறங்கும்ப்பா, அதனாலதான் தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்ச பணத்தை இதுல போடல"ன்னு சொல்லுங்க. அவருக்குப் புரியும், உங்களையும் நம்புவார்.