சைலன்சருக்கு டெசிபல் கணக்கு உதவாது

காங்கேசன்துறை வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. சத்தத்தைப் பற்றி முறையிட நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதம் வர்த்தமானியில் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், பிரதேச சபைப் பகுதிகளைக் குறைந்த இரைச்சல் பகுதிகளாக வகுத்திருக்கின்றன. இங்கே பகலில் 55 டெசிபல், இரவில் 45. மாநகர, நகர சபை எல்லைக்குள் 63உம் 50உம். ஆக, யாழ்ப்பாண நகரத்தில் குடியிருப்பவரைவிடக் காங்கேசன்துறைக்காரருக்குச் சட்டம் கூடுதல் அமைதியை ஒதுக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் இரவு மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது.

ஆனால், இந்த இலக்கங்களைக் காட்டி மோட்டார் சைக்கிள்காரரை மடக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அவை காணி எல்லையில் வைத்து அளப்பதற்கானவை. அரைக்கும் ஆலை, ஒட்டுவேலைக் கொட்டில், ஜெனரேற்றர் போன்ற ஒரே இடத்தில் நின்று சத்தம் போடும் விடயங்களுக்குப் பொருந்தும். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடும் மோட்டார் சைக்கிள் நிற்பதில்லை. இரவு 11 மணிக்கு அது உங்கள் படலையைக் கடக்க 5 விநாடி போதும். அந்த 5 விநாடியும் 80 டெசிபல் கேட்டதென்று வைத்துக்கொண்டு 12 மணிநேர இரவுக்குச் சராசரி போட்டுப் பாருங்கள். அதன் பங்கு 41ஐக்கூடத் தொடாது. கணக்கில் எல்லாம் ஒழுங்கு, வீட்டில் பிள்ளை எழும்பி அழுகிறது. தூங்குகிறவரின் காதுக்குச் சராசரி தெரியாது, உச்சம்தான் தெரியும். பாரிஸ் பிராந்தியத்தின் இரைச்சல் கண்காணிப்பு அமைப்பான புரூயிபாரிஃப், சைலன்சர் இல்லாத ஒரேயொரு ஸ்கூட்டர் இரவில் நகரத்தைக் குறுக்கறுத்தால் 10,000 பேரை எழுப்பிவிடக்கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறது.

அதனால்தான் இரைச்சலை ஆராய்பவர்கள் மீற்றரோடு நின்றுவிடாமல் ஆட்களிடமும் கேட்கிறார்கள். 1993இல் ஜேம்ஸ் ஃபீல்ட்ஸ் என்ற ஆய்வாளர் பல நாடுகளின் குடியிருப்புக் கருத்தாய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். ஒரே அளவு சத்தம் ஒருவரை எரிச்சலூட்டுவதும் இன்னொருவர் அதைப் பொருட்படுத்தாமல் விடுவதும் வயதையோ வருமானத்தையோ பொறுத்தல்ல என்று கண்டார். அந்தச் சத்தம் அச்சத்தைக் கிளப்புகிறதா, தவிர்த்திருக்கக்கூடியதா என்ற எண்ணங்களுக்கே செல்வாக்குக் கூட.

எங்கள் ஊருக்கு இது அச்சொட்டாகப் பொருந்துகிறது. 2015 ஜனவரியில் ரயில் மறுபடி காங்கேசன்துறைக்கு வந்தபோது அதன் ஊதலை யாரும் தொல்லை என்று சொல்லவில்லை. ரயில் ஊதாமல் வர முடியாது, அது வருவதும் எங்களுக்காக. சைலன்சரில் ஓட்டை போட்டவருக்கோ அப்படி எந்தத் தேவையுமில்லை. 1990இல் போரால் இடம்பெயர்ந்து, இராணுவத்திடமிருந்து காணி விடுபட்ட பிறகு திரும்பி வந்த மூத்தவர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். சைலன்சர் 'டப்' என்று வெடிக்கும்போது அவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்பதை ஓட்டுகிற பெடியள் யோசித்திருக்க மாட்டார்கள். பெடியள் பிறந்ததே அந்த இடப்பெயர்வுக்குப் பிறகு.

பெடியளுக்குச் சொல்ல வேறொன்றும் உண்டு. 85 டெசிபலை எட்டு மணிநேரம்வரை காது தாங்கும் என்பது தொழிற்சுகாதாரக் கணக்கு. கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சத்தத்துக்கு மிகக் கிட்ட இருப்பது ஓட்டுபவரின் காது.

சரி, என்ன செய்யலாம்? சன சமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு சிறு கருத்தாய்வு செய்யலாம். செலவு ஒரு கொப்பியும் பேனையும். 'மோட்டார் சைக்கிள் சத்தம் தொல்லையா?' என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள், அதில் பயனில்லை. 2003இல் வந்த சர்வதேசத் தர முறை, கடந்த 12 மாதங்களில் வீட்டில் இருக்கும்போது இந்தச் சத்தம் எவ்வளவு தொந்தரவு தந்தது என்று கேட்டு 0 முதல் 10 வரை புள்ளி போடச் சொல்கிறது. கோயில் ஒலிபெருக்கி, ரயில், பஸ் ஹோர்ன், மோட்டார் சைக்கிள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். கோயிலுக்கு எவரும் உண்மைப் புள்ளி போடுவாரா என்பது வேறு கதை. இரவில் கடலுக்குப் போய்ப் பகலில் நித்திரை கொள்ளும் கடற்றொழிலாளர் வீடுகளை விட்டுவிடாதீர்கள். சட்டத்தின் 'பகல்' அவர்களுக்கு இரவு. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தச் சந்தியில் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முறைப்பாட்டுக்குப் பலம் தருவது இந்தப் பகுதிதான்: வெள்ளி இரவு 10க்கும் 11க்கும் இடையில் இன்ன வளைவில் என்று தெரிந்தால் போக்குவரத்துப் பொலிஸார் அங்கே போய் நிற்கலாம்.

ஓடும் வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம்தான் ஆயுதம். சைலன்சரைக் கழற்றுவதோ மாற்றிச் சத்தம் கூட்டுவதோ குற்றம். பொலிஸார் வாகனத்தைப் பார்த்தே நடவடிக்கை எடுக்கலாம். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு நாடு முழுவதும் இப்படியான பொருத்துகளைக் கழற்றுவித்தார்கள். இலக்கத் தகடு, நேரம், இடம், போன திசை ஆகியவற்றை எழுதிக் காங்கேசன்துறைப் பொலிஸில் கொடுங்கள். அவசரமென்றால் 119. வடக்கில் தமிழும் நிர்வாக மொழி, வாக்குமூலத்தைத் தமிழில் பதியக் கேட்பது உரிமை. விளங்காத மொழியில் எழுதிய தாளில் ஒப்பம் வைக்காதீர்கள். வாகனத்தை மறித்துச் சண்டைக்குப் போவதும், இலக்கத்தை முகநூலில் போடுவதும் உங்களையே வழக்கில் மாட்டிவிடலாம்.

ஆலை, கராஜ் போன்றவற்றுக்குப் பிரதேச சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் (தொலைபேசி 1981) முறையிடலாம். ஒலிபெருக்கிக்கு 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இருக்கிறது. வெலிகமவில் ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கி அனுமதி கேட்டுப் போன வழக்கு அது. முடிவில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவான தடையாக வந்தது, விசேட நாட்களுக்கு மட்டும் விலக்கு. தொல்லை தொடர்ந்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம்.

பக்கத்து வீட்டுப் பெடியன் என்றால் இதெல்லாம் வேண்டாம், முதலில் தாயோடு கதையுங்கள். பொலிஸுக்குப் போவதானால் நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து போங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். பதிய மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எந்த நாள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பதை அதில் குறிப்பிடுங்கள்.